அந்த இரண்டாவது குரல் சரியில்லை

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஒட்டுக்கேட்டது. ஒட்டுக்கேட்டது என்றால் ஜன்னலோரம் ஒளிந்து நின்று அல்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஸ்பீக்கரில், சம்பளத்துக்கு.

நான் டப்பிங் வசனம் எழுதுகிறவன். திரையில் யாரோ ஏதோ மொழியில் வாயைத் திறந்து மூடுவார்கள். அந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் தமிழை அடக்க வேண்டும். தமிழ் அவ்வளவு சுலபத்தில் அடங்காது. திரையில் இருப்பவன் வாயை மூடிய பிறகும் நம் ஆள் ‘கொண்டிருக்கிறேன்’ என்று இழுத்துக்கொண்டிருப்பான்.

கதையில் வருகிற அக்காவிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க தம்பி. ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க” என்றார். ஆகவே: ஒல்லியான ஓர் அக்கா இருந்தார்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’ (பெய்யவில்லை. பெய்திருந்தாலும் ஒலிப்பதிவு அறைக்குள் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?)

இரண்டாவது முயற்சி: ‘தாய்மை என்பது ஒரு’

வேண்டாம். இந்த வாக்கியம் எந்த ஊருக்குப் போகும் பஸ் என்று உங்களுக்கே தெரியும். நான் இறங்கிக்கொள்கிறேன்.

மூன்றாவது முயற்சி: அக்கா வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இது சரி. கதையே இதுதான். இனி சுற்றி வளைக்கப் போவதில்லை. (கொஞ்சம் வளைப்பேன்.)

3.

அக்காவை எல்லோரும் பாப்பா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். திரையில் எந்தக் குழந்தை வாயைத் திறந்தாலும் குரல் அவருடையது. குட்டை முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால்தான் அவருக்குக் குழந்தைக் குரல் வரும். மைக்கையும் அதற்கேற்றபடி கீழே இறக்கிவிடுவோம்.

அப்போது அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் இளைஞன் ஒருவன், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகள் மூன்று பேரை அவர்களுடைய அப்பா அம்மா வரும்வரை பார்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான். வில்லன் கிடையாது. ஓர் அத்தியாயம் முழுக்க ஒற்றைச் செருப்பைத் தேடினார்கள். அது கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்கு நாலு வயதில் ஒரு மகள். பொடிசு என்று வைத்துக்கொள்வோம். காலையில் அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, நாள் முழுக்க இங்கே வேறொரு குழந்தையாக இருந்துவிட்டு, சாயந்திரம் போய் அழைத்துக்கொள்வார். தொடரின் அடுத்த பாகத்துக்கும் அவரையே கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இதோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன் தம்பி.”

“ஏன்க்கா, பொடிசு ரொம்ப அழறாளா?”

“அழுதாக்கூட மனசு ஆறிடும். வாசல்ல நின்னு சும்மா பாக்கறா. வேலை முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்னு தினமும் சொல்றேன். நம்பறாளா, இல்ல இவ்ளோதான் நம்ம தலையெழுத்துன்னு நிக்கறாளா, ஒண்ணும் புரியல.”

நான் குழந்தை வளர்த்தவன் இல்லை. வாயசைவைப் பார்த்தால் வார்த்தை சொல்வேன். வாயே திறக்காமல் நிற்கிற பிள்ளைக்கு என்ன சொல்ல?

4.

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். சவுண்ட் அண்ணன், எங்கள் ஒலிப்பதிவாளர். முதல் வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு முரடர் இருந்தால் வசதி. பதிவு நடக்கிறது என்று சிவப்பு விளக்கு எரியும்போது யாராவது தும்மினால் முறைப்பார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வாரம் காப்பகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாகக் காய்ச்சல் வந்து இடத்தைப் பூட்டிவிட்டார்கள். பொடிசுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அக்கா வேறு வழியில்லாமல் அவளைக் கையோடு கூட்டி வந்து நின்றபோது, “உள்ள மட்டும் வரக் கூடாது, சொல்லிட்டேன்” என்று உறுமிவிட்டு, தன் நாற்காலியின் மெத்தையை உருவி அவளுக்குப் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான். அந்த வாரம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முரடர் போய்விட்டார். கதைக்கு நஷ்டம்தான், என்ன செய்ய.

(பொடிசைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு தொடர் முழுக்க வசனம் எழுதியவன் அல்லவா! அவள் என் வசனத் தாளின் பின்பக்கம் பூனை வரைந்தாள். பிறகு முன்பக்கமும் வரைந்தாள்.)

5.

தொடரின் கடைசி அத்தியாயம். திரையில் குழந்தை மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து பார்க்கிறது. பக்கத்தில் யாரையும் காணோம். அழுகிறது.

நான் உள்ளே போய் அக்காவிடம் ஒரு வார்த்தையைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். வருகிறபோது அந்தக் கனத்த கதவைச் சரியாகச் சாத்தவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, “யாருமே இல்ல... எல்லாரும் போயிட்டாங்க...” என்று ஆரம்பித்தார். என்ன அழுகை அது! எனக்கே எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுந்து போனது நான் இல்லை. திரும்பிப் பார்த்தால் மெத்தை காலி. பொடிசு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் தலையில் கை வைத்தாள்.

“அழக் கூடாது. வேலை முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன். தினமும் வந்துடறேன்ல?”

அக்கா தலையை நிமிர்த்தினார். குரலை மாற்றவில்லை. அந்தக் குழந்தைக் குரலிலேயே விசும்பிக்கொண்டு கேட்டார்: “நெஜமா?”

“நெஜமா. தூங்கி எழுந்து, பால் குடிச்சிட்டு, அந்த ஜன்னல்கிட்ட நில்லு. நான் வந்துடுவேன்.”

சவுண்ட் அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்வார். அல்லது திரையில் ஓடும் ஒலிக்கோட்டை மட்டும் பார்ப்பார். ஆளைப் பார்க்கும் வழக்கமே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, மைக்கில் உள்ளே பேசினார்:

“ஏம்மா, அழுகை பிரமாதம். ஒரே டேக்ல ரெண்டு குரல் வேற குடுத்திருக்க. ஆனா அந்த ரெண்டாவது குரல் சரியில்ல. குழந்தை மாதிரியே இல்ல. கொஞ்சம் மழலை சேத்து இன்னொரு தடவ போலாமா?”

பொடிசு ஸ்பீக்கர் இருந்த திசையை முறைத்தாள். “நான் குழந்தை இல்ல. நான்தான் அம்மா.”

அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமாகப் பெரியவர்களின் தொண்டையிலிருந்தே குழந்தைகளைக் கேட்டுப் பழகியவருக்கு, நிஜக் குழந்தை போலியாகக் கேட்டிருக்கிறது. நான் சிரிக்கலாமா என்று யோசித்தேன். அவரே சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “கதவைச் சாத்தத் தெரியாத உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?” என்றார். கேள்வி நியாயமானது.

6.

பதிவை அழிப்பதற்கு முன் ஒரு தடவை போடச் சொன்னார் அக்கா. அண்ணன் போட்டார். பொடிசு அம்மாவின் மடியில் உட்கார்ந்து தன் குரலைக் கேட்டாள். அது யார் என்று கேட்டாள்.

“தம்பி, ‘வேலை முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்’, அது நான் சொல்றது. தினமும் சொல்றது.” அக்கா என் பக்கம் திரும்பினார். “‘தினமும் வந்துடறேன்ல’ன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அது அவளே சேத்துக்கிட்டது.”

பிறகு ஜன்னல். காப்பகத்தில் பாலுக்குப் பிறகு ஜன்னலோரம் நிற்கிறாள் என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரியும். அவர் மகளின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். இந்தத் தடவை சொந்தக் குரலில், சொந்த வயதில். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகிறவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அண்ணன் பதிவை அழிக்கவில்லை. அந்தக் காட்சியின் கடைசியில் இன்னொரு பிள்ளை வந்து நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். வாய் தெரியாது. வாய் தெரியாத இடம் வசனகர்த்தாவுக்குப் புறம்போக்கு நிலம். பொடிசின் வரியை அங்கே குடியமர்த்தினேன். மழலை சேர்க்கவில்லை.

7.

இனி முடிவு.

அ) அக்கா சம்மதிக்கிறார். பொடிசும் டப்பிங் கலைஞர் ஆகிறாள். பின்னணியில் பியானோ. (எழுதும்போதே பல் கூசியது. அடித்துவிட்டேன்.)

ஆ) அக்கா வேலையை விடுகிறார். வாசலில் விட்டுப் போகிற அந்தக் காலைகள் இனி இல்லை. இதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா வேலைக்குப் போனால் வெற்றி, வீட்டில் இருந்தால் தோல்வி என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. தலைகீழாக எழுதுகிற ஆளும் இல்லை. பிள்ளை நம்புகிறாள் என்று தெரிந்துவிட்டது. அது தெரிந்தவள் போகவும் செய்யலாம், இருக்கவும் செய்யலாம்.

இ)

(இங்கே ஒன்று எழுதினேன். அதில் நான் ரொம்ப நல்லவனாக வந்தேன். வேண்டாம்.)

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம். சவுண்ட் அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “ஏம்மா, லைன்ல இருக்காங்க. என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார். பொடிசுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். யார் யார் வாயசைவுக்கோ எழுதிப் பிழைக்கிறவன். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் எழுதுவதாக இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எது எழுதினாலும் அக்கா ஒப்புக்கொள்வார். அவர் முகம் அப்படித் தெளிந்திருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். நீளமாக எழுதிவிடாதீர்கள். பொடிசு ஏற்கெனவே அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டாள்.