ஏலத்தில் போன குரல்

கச்சிபௌலியில் அந்தக் கம்பெனியின் டீம் லீடர் நாற்காலி மறுபடியும் காலியானபோது, இந்தத் தடவை அதை விடுவதில்லை என்று ஜெமிமா முடிவு கட்டிவிட்டாள். போன தடவை அவளுக்குக் கிடைக்காததற்கு டைரக்டர் ரகுநாதன் சொன்ன காரணம், அவள் பேசுவதில்லை என்பது. வேலையில் குறையே இல்லையாம். ஆனால் தலைமை என்றால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டுமாம். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று ஒரு பழமொழியையும் இலவச இணைப்பாகக் கொடுத்து அனுப்பினார்.

பிழைத்துக் காட்டுகிறேன் என்று ஜெமிமா கிளம்பினாள். சனிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனாள். வீட்டில் கணவன் ஜாய்சன்மேல் ஒத்திகை பார்த்தாள். பாவம், மனுஷன் சாம்பாருக்கு உப்பு கேட்டால்கூட முன்னுரையோடும் முடிவுரையோடும்தான் உப்பு வந்தது. அவளுக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி வேண்டும். வருஷக்கணக்காக அந்த டீமைத் தூக்கிச் சுமப்பது அவள், பெயர் மட்டும் வேறு யாருக்கோ என்றால் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது?

போட்டிக்கு நின்றவர் எட்வர்ட் ஒருவர்தான். உலை வாயை மூடலாம், முயன்றால் ஊர் வாயைக்கூட மூடிவிடலாம், எட்வர்ட் வாயை மூட முடியாது. ஜெமிமா போகும் திருமுல்கேரித் தமிழ்ச் சபைக்குத்தான் அவரும் வருவார். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அங்கே அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாவற்றையும் ஏலம் விட்டவர் வழக்கம்போல எட்வர்ட். மைக் வேலை செய்யவில்லை. சேவலுக்கும் சேர்த்து அவரே கத்தினார். கடைசிப் பூசணிக்காய்க்கு “ஒரு தரம்” என்றார். “ரெண்டு தரம்” வெறும் காற்றாக வந்தது. மூன்றாவது தரத்துக்கு விரலைத்தான் காட்டினார். பின்வரிசையில் இருந்த ஜெமிமாவுக்கு, கர்த்தர் மன்னிப்பாராக, சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் இன்டர்வியூவில் அவள் வெளுத்து வாங்கினாள். கேட்டதற்கும் பேசினாள், கேட்காததற்கும் பேசினாள். வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் ரகுநாதன் கூப்பிட்டு, பதவி எட்வர்டுக்கு என்றார். அவள் முகத்தைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

“அவரை வெறும் வாயாடின்னு நெனச்சிருந்தேம்மா. எந்தக் கேள்விக்கும் அவசரப்படலை. கண்ணை மூடி யோசிச்சார். அப்புறம் ‘ஹவ்’னு ஒரே வார்த்தை. இப்பல்லாம் லீடர்ஷிப்னா அதுதான். நீங்க கொஞ்சம் அடுத்தவங்களையும் பேச விடணும்.”

இந்த ஊர் உருதுவில் ஹவ் என்றால் ஆமாம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாலும் ஹவ்தான், ஒன்றும் புரியவில்லை என்றாலும் ஹவ்தான். அதற்குள் இத்தனை ஆழம் இருப்பது ஜெமிமாவுக்குத் தெரியாமல் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பூசணிக்காய் சங்கதியைப் போட்டு உடைக்க நாக்கு துடித்தது. தோற்ற பிறகு சொன்னால் பொறாமை என்பார்கள். ஒரு தேங்க்ஸ் மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரமே எட்வர்டின் தொண்டை திறந்துகொண்டது. அவள் மேஜையருகே வந்து நின்று, மௌனம்தான் தலைமையின் ரகசியம் என்று அவளுடைய டீ ஆறிப்போகும்வரை விளக்கினார்.

ஜெமிமா குறுக்கிட்டாள். “உங்க தொண்டை சரியாயிடுச்சுன்னு ரகுநாதன் சாருக்குத் தெரியுமா, எட்வர்ட் அண்ணே?”

எட்வர்ட் சட்டென்று கழுத்தைத் தடவிக்கொண்டார். “நக்கோ ஜெமிமா, வேணாம்,” என்றார் ரகசியக் குரலில். “சொல்லிராத.”

அவள் சொல்லவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. பயந்துபோன எட்வர்ட் இப்போது எந்த மீட்டிங்கிலும் வாய் திறப்பதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து “ஹவ்” என்று மட்டும் சொல்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எழுந்து நின்று எல்லோருக்கும் விளக்க வேண்டியது ஜெமிமா. அவள்தான் நன்றாகப் பேசுகிறாளே என்று ரகுநாதனே அந்த வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.