பாலத்துக்கு இந்தப் பக்கம்

அந்த வாரத்தில் செம்மொழி வேம்புவின் வீட்டுப் படியேறுவது மூன்றாவது தடவை. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். கிராமத்து நர்ஸ் வேலையில் ஊசி போடுவதெல்லாம் சுலபம். மாமியார்களைச் சம்மதிக்க வைக்கத்தான் அரசாங்கம் தனிச் சம்பளம் தர வேண்டும்.

வேம்புவின் மருமகள் பூவிழிக்கு எட்டாம் மாதம். தாயில்லாத பெண் என்பதால் வளைகாப்பு முடிந்தும் புகுந்த வீட்டிலேயே இருந்தாள். புருஷன் செழியனுக்குத் திருப்பூரில் வேலை. திங்கட்கிழமை பார்த்தபோது அவளுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. புதன்கிழமை இன்னும் கொஞ்சம். இன்று கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் நூற்றைம்பதுக்கு நூறு. சிறுநீரில் புரதமும் இருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது.

"தலைவலி இருக்கா பூவிழி?"

பூவிழி மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலையிலேருந்து லேசா இருக்குக்கா" என்றாள்.

மன்னார்குடி பெரியாஸ்பத்திரியில் இன்றே சேர்த்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் வலிப்பு வரலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஆனால் மன்னார்குடிக்குப் போகப் பாமணி ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். வளையல் அடுக்கிய பெண் பிள்ளை பெறும்வரை ஆறு தாண்டக் கூடாது என்பது வேம்புவின் சட்டம்.

"ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லம்மா. மேட்டூர் தொறந்து இங்க வந்து சேர இன்னும் பத்து நாளாவும். நடு ஆத்துல ஆடு மேயுது. அதையா தாண்டக் கூடாதுங்கிறீங்க?"

"தண்ணி இல்லன்னா ஆறு எழுந்து வேற ஊருக்குப் போயிடுச்சா?" என்றாள் வேம்பு, அரிசி புடைத்துக்கொண்டே.

மூன்று தடவையும் இதே வழக்குதான். செம்மொழிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நறுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள், வேம்பு பூவிழியின் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். வெறும் பிடிவாதம் இப்படிப் பார்க்காது. இத்தனை நாளும் இந்த அம்மாவிடம் மல்லுக்கு நின்றோமே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "யாரும்மா தாண்டுனாங்க?"

வேம்பு புடைப்பதை நிறுத்தினாள்.

"நான்தான். முப்பது வருசத்துக்கு மேல இருக்கும். மொதப் பிள்ளை, எட்டு மாசம். தலை வெடிக்குது, கண்ணு மங்குது, காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு காலையிலேருந்து அழுவுறேன். ஆறு தாண்டக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் கேக்கல. பொழுது சாயுற நேரத்துல, என் அழுகை பொறுக்காம கயித்துக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. நடுப் பாலத்துல ஜன்னி வந்து கையும் காலும் இழுத்துக்கிச்சு. நான் பொழைச்சேன். பொண்ணு பொழைக்கல." மூக்கை உறிஞ்சினாள். "செழியனைச் சுமந்தப்ப தெருவ விட்டு நவரல. அவன் நல்லா பொறந்தான். அன்னைக்கும் நான் வாய மூடிக்கிட்டுக் கெடந்திருந்தா, அந்தப் பொண்ணும் இருந்திருக்கும்."

செம்மொழி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"தலைவலி, கண்ணு மங்கல், கால் வீக்கம் எல்லாம் பாலத்துல ஏறுனப்புறமாம்மா வந்துச்சு?"

"இல்ல. காலையிலேயே."

"அப்ப வீட்டுல இருக்கறப்பவே வந்த நோவும்மா அது. பிரஷர். பூவிழிக்கு இப்ப இருக்கறதும் அதேதான். ஆறு ஒண்ணும் பண்ணல. பொழுது சாயுற வரைக்கும் போட்டு வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் பண்ணுச்சு."

வேம்பு முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப காலையில நான் கேட்டது?"

"நீங்க கேட்டதுதாம்மா சரி."

இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வேம்பு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பூவிழி வந்து தோளைத் தொட்டதும் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மணி என்ன நர்ஸம்மா?"

"பத்தரை."

"வண்டியக் கூப்பிடுங்க. நான் துணிமணி எடுத்து வைக்கிறேன்."

பாலம் வந்தபோது ஆம்புலன்ஸுக்குள் பூவிழி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ண மூடிக்கவா அத்தை?"

"எதுக்கு? ஆடு மேயுது, வேணும்னா பாரு" என்றாள் வேம்பு. ஆனால் அவள் உள்ளங்கை முழுக்க வேர்த்திருந்தது.

ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் குழந்தையும் பிறந்தது. இரண்டு கிலோ, பெண். எல்லோரும் வீடு திரும்பிய மறுநாள் செம்மொழி எடை பார்க்கப் போனாள். தாய்க்குப் பிரஷர் இறங்கியிருந்தது. மடியில் பதிவேட்டைப் பிரித்து, "பூவிழி, முதல் குழந்தை, பெண்" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினாள்.

வேம்பு துணிக்குள்ளிருந்த சின்ன முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டாவது பொண்ணு, நர்ஸம்மா."

"ஆமாம்மா, ரெண்டாவது" என்றாள் செம்மொழி.