உதிர்ந்த பழத்துக்குப் பாத்தியதை

பண்ணையார் ஆவுடைநாயகத்தின் குற்றாலத் தோட்டத்தில் பறிப்பது பண்ணைக்கு, மண்ணில் விழுவது கூட்டுகிறவளுக்கு. இதில் தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. மண்ணில் கிடந்தது அந்த வீட்டுப் பூஜையறைக்கு ஆகாது, அவ்வளவுதான். அடிபட்ட மாங்காயும் அணில் கடித்த கொய்யாவும் முப்பிடாதியம்மாள் மடிக்கு வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் அந்தத் தோட்டத்தைக் கூட்டுகிறாள்.

யுத்த காலத்துச் சாரல் ஒன்றில்தான் பிரேசில் கொடி காய்த்தது. மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்த கொடி. பந்தல் முழுக்க எலுமிச்சை அளவில் கருஞ்சிவப்புப் பழங்கள். பண்ணையார் பளபளவென்று இருந்ததாகப் பார்த்துப் பறிக்கச் சொல்லி, வெள்ளித் தட்டில் வைத்துத் தின்றார். முகம் கோணிப்போயிற்று. அப்படியொரு புளிப்பு. விருந்தாளிகளும் பண்ணையார் கொடுத்ததாயிற்றே என்று கண்ணீர் மல்க விழுங்கினார்கள்.

கீழே சுருங்கிக் கிடந்தவற்றை அழுகல் என்று குப்பையில் கொட்டப் போனாள் முப்பிடாதி. மகள் பேச்சித்தாய் தடுத்தாள். அவர்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேலைக்கு மனுமேல் மனுவாகப் போட்டும் பதில் இல்லை. தெருப் பெயரைப் பார்த்ததுமே மனு எந்தக் கூடைக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோபத்தோடேயே ஒரு பழத்தைக் கடித்துப் பிளந்தாள். உள்ளே கறுப்பு விதைகளைச் சுற்றி மஞ்சள் சாறு, தேனாக இனித்தது.

"ஏளா, விஷமா இருந்துரப் போவுது!"

"செத்தா பி.ஏ.வோட சாவுதேன். நீயும் தின்னு பாரு."

தாயும் மகளும் அந்தப் பழத்தைப் படித்துக்கொண்டார்கள். எடுத்தால் கையில் கனக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே வெறும் கூடு. சாரலில் நனைந்ததைத் துணியால் ஒற்றி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கோலில் பரப்ப வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். தோல் சுருங்கச் சுருங்க இனிப்பு ஏறும். மேலே சீவி, விதையோடு உறிஞ்ச வேண்டியதுதான். சீனிக்கு ரேஷன் வந்த காலம். ஐந்தருவியில் கூடையை இறக்கினால் குளித்துவிட்டு வந்தவர்கள் மொய்த்தார்கள். முப்பிடாதி வீட்டில் ராத்திரியும் உலை கொதித்தது.

பண்ணையாரின் சம்பந்தி அங்கே ஒன்று வாங்கித் தின்றுவிட்டு வந்து, "உம்ம தோட்டத்துப் பழம் அங்கன தேனா இருக்கு, இங்கன ஏன்வே புளிக்கு?" என்று கேட்டார். வினை அதில்தான் ஆரம்பித்தது.

மறுநாள் காலை பந்தலுக்கு அடியில் இடுப்பு உயரத்துக்கு வலை கட்டியிருந்தது.

"மண்ணுல விழுந்தாத்தானே உங்களுக்கு?" என்றார் ஆவுடைநாயகம். "இனிமே விழாது."

"அழுகல்னு நெனச்ச வரைக்கும் எங்களுக்கு. ருசின்னு தெரிஞ்சதும் ஒங்களுக்கா, அண்ணாச்சி?" என்றாள் பேச்சித்தாய்.

எசமான் என்றே கேட்டுப் பழகிய காதில் அந்த 'அண்ணாச்சி' சுட்டது.

"ஏ முப்பிடாதி, ஒம் மவ வாயை அடக்கு. இல்லேன்னா வெளக்குமாத்தை வச்சிட்டுப் போயிரு."

"ஏட்டி, வேண்டாம், வந்துரு," என்று முப்பிடாதி மகளின் கையைப் பிடித்தாள். பேச்சித்தாய் உதறிக்கொண்டு போய் வலையின் முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

"நீரு பறிச்சா புளிக்கு. கொடி தானா விட்டாத்தான் இனிக்கு. அதுக்காவ வலையை விரிச்சுக் காத்துக் கெடக்கீரு பாரும், அதுக்குப் பேரு கையேந்துதது. எங்க தெருவுல யாரும் ஏந்துனதில்ல."

களை பறித்துக்கொண்டிருந்த குருவம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அடுத்த முடிச்சும் அவிழ்ந்தது. வலை சரிந்து, பழங்கள் மண்ணில் உருண்டன.

"வெளிய போங்க, ரெண்டு பேரும்! இனி இந்த வாசல்ல கால் வைக்கப்படாது!"

முப்பிடாதி காலில் விழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் விளக்குமாற்றை மெதுவாகக் கீழே வைத்தாள். குனிந்து, உருண்ட பழங்களை ஒன்றுவிடாமல் மடியில் பொறுக்கினாள்.

"இது விழுந்தது, எசமான்," என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

பண்ணையார் குருவம்மாள் பக்கம் திரும்பி விளக்குமாற்றைக் காட்டினார். "எடுத்துக் கூட்டுளா."

குருவம்மாள் கையிலிருந்த களையையும் கீழே போட்டாள்.