சத்தமில்லாத ஃபேன்

"மேசையோட தூக்கி வெளியில வச்சிரலாம்," என்று தயாபரன் மாமா கம்ப்யூட்டர் வயர்களைப் பிடுங்கினார். சிவசக்தி தடுக்கவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்களுக்கு இருப்பதே ஒரு காம்பரா, ஒற்றை அறை. அப்பாவின் உடலைக் கிடத்த இடம் வேண்டுமே.

கொழும்பில் வேலை கிடைத்தும் போகாமல், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி வீட்டை ஓட்டியவள் அவள். என்றைக்காவது போய்விடுவாள் என்ற பயம் அப்பாவை விடவேயில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சின்ன ஃபேன் ஒன்று நாள் முழுக்கக் கத்தும். கண் தெரியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவருக்கு அது தொல்லையென்று அவளாகவே முடிவு கட்டினாள். வேகத்தைக் குறைத்தால் பெட்டி கொதித்து, பாதி வேலையில் அணைந்தது. பதுளை டவுனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஷிபான் நானாவிடம் போய் நின்றாள்.

"சின்னது வேகமா சுத்தினாத்தான் குளிரும், அதான் கத்துது. பெருசு மெல்லமா சுத்தினாலே காணும், தங்கச்சி."

பெரிய ஃபேனை வாங்கி வந்து மாட்டினாள். சொன்னபடியே ஆயிற்று. சூடும் இல்லை, சத்தமும் இல்லை. சிவசக்திக்குப் பெருமை தாங்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தாள். அது நேற்று.

"அத எங்கயும் கொண்டு போகாதீங்கண்ணே." அழுது ஓய்ந்த குரலில் சொன்ன அம்மா ஜெயலெட்சுமி மகளைப் பார்த்தாள். "நேத்துலருந்து 'புள்ள கொழும்புக்குப் போயிட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாருடி. 'இந்தா இருக்கா'ன்னேன். 'அப்ப மிசின் சத்தத்தக் காணோமே, பொய் சொல்லாத'ன்னாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பொலம்புறாருன்னு நெனச்சேன்."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் சிவசக்தி நேற்றெல்லாம் உட்கார்ந்திருந்தாள், காதை மூடிக்கொண்டு. அவள் போய்விட்டாள் என்று நம்பியே அப்பா போய்ச் சேர்ந்தார்.

மேசைக்கடியில் கிடந்த பழைய ஃபேனை எடுத்தாள். பெட்டியைத் திறந்து பெரியதைக் கழற்றினாள். ஒரு திருகாணி எங்கோ உருண்டு போனது. தேடவில்லை. மாமா மேசையைச் சுவரோரம் தள்ளிவைத்து, அப்பாவைப் பக்கத்தில் கிடத்தச் செய்தார்.

வயர்களைத் திரும்பச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் அது வீல் என்று கத்திக்கொண்டு சுற்றியது. வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழவு வீட்டுல என்ன புள்ள இது? நிப்பாட்டு," என்றார் அவர்களில் ஒருவர்.

"ஓடட்டும்ணே," என்றாள் அம்மா.

சிவசக்தி நாற்காலியை இழுத்துப்போட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.