மடித்துவிட்ட கை

முனிலட்சுமி எடுத்துக் கொடுத்த பழைய நீலக் கோட்டை எஸ்லின் போட்டுப் பார்த்தாள். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. தோள் தையல் நான்கு விரற்கடை கீழே தொங்கியது.

“மடிச்சி வுட்டுக்கோ பாப்பா. குளிருக்கு உள்ள ஸ்வெட்டர் போட்டாலும் கொள்ளும்.”

“சின்னதா வேற இல்லையாக்கா?”

“அல்லாம் ஆம்பளைங்க போட்டது. இப்பத்தான உங்கள மெஷினுக்கு எடுக்கிறானுங்க? பொம்பள அளவுக்கு நா எங்க போவேன்!”

கம்பெனி ஆட்களுக்குக் கம்பெனியே கோட்டு தைத்துத் தரும். காண்ட்ராக்ட்டில் வருகிறவர்கள் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர்கள் கழற்றி விற்பதை வாங்கிக் குவித்து வைத்திருப்பவள் சிப்காட் பக்கம் முனிலட்சுமி ஒருத்திதான். நாளைக் காலை ஆறு மணிக்குக் கோட்டோடு கேட்டில் நிற்காவிட்டால் எஸ்லினின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. டிரில்லிங் மெஷினில் தகடு வைத்து எடுக்க அது போதும் என்று காண்ட்ராக்டர் பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தான்.

அப்பா ராயப்பன் கடைக்குள் வரவில்லை. வாசலிலேயே, வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே கடையில் அவருக்கு இரண்டு கோட்டுகள் கிடைத்தன. ஒன்று அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. ஆனால் முழங்கையில் ஒட்டு. இன்னொன்று தொளதொளவென்று, சாயம் போகாமல். ஏழாவது படித்துக்கொண்டிருந்த எஸ்லின்தான், “ஒட்டுப் போட்டது அசிங்கமா இருக்குதுப்பா, இத எடுங்க” என்றாள். அவர்கள் வீட்டில் எதையுமே ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார்கள், வளர்கிற பிள்ளைக்கும் சரி, இனி வளராத அப்பனுக்கும் சரி. அவர் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாவது வாரம் மடிப்பு அவிழ்ந்தது. சுற்றுகிற லேத்துக்குத் துணி நுனி கிடைத்தால் போதும், மற்றதை அதுவே இழுத்துக்கொள்ளும். நான்கு விரல்கள். தளர்ந்த ஆடை அணிந்தது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி, அவரது இடது கையால் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கோட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அந்தத் தாளில் இல்லை. வீட்டிலும் யாரும் பேசியதில்லை.

எஸ்லின் வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினாள். அப்பா தொங்கலைத் தொட்டுப் பார்த்தார்.

“வேணாம். இந்த வேலையே வேணாம், வா.”

“வேணான்னுட்டு? டிகிரிய செவுத்துல மாட்டி வச்சி கும்புட்டுக்கினு இருக்கறதா?”

அவர் வலது கையை இன்னும் ஆழமாகப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“அன்னிக்கு நாந்தானப்பா எடுக்கச் சொன்னேன்.”

அவர் ரோட்டையே பார்த்தார். “எனக்கும் அதான் புடிச்சிது” என்றார். பிறகு உள்ளே திரும்பி ஊசி நூல் கேட்டார்.

“ஒத்தக் கையில தையலா! எம் ஜாக்கெட்டு ஒண்ணு இருக்குது, அதயும் தச்சிக் குடுண்ணா” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள் முனிலட்சுமி.

கட்டைவிரலுக்கும் மொட்டைக் கைக்கும் நடுவே துணியை இடுக்கி, மணிக்கட்டில் கை நுழைய மட்டும் இடம் விட்டுத் தைத்தார். இரண்டு முறை ஊசி எஸ்லினின் தோலில் ஏறியது. அவள் கையை இழுக்கவில்லை.

மறுநாள் அந்தக் கோணல் தையலைப் பார்த்து செக்யூரிட்டி இளித்தான். உள்ளே விட்டுவிட்டான்.

பக்கத்து மெஷினில் கெலமங்கலத்துப் பெண், பெயர் தங்கமணி. பத்தொன்பது வயதுகூட இருக்காது. கோட்டுக் கை மூன்று மடிப்பு.

“அத இறுக்கித் தச்சிக்க.”

“ஞாயித்துக்கெழம தச்சிக்கிறேன்க்கா. மடிச்சித்தான வுட்ருக்கேன்.”

மெஷின்கள் ஒன்றாக ஓடத் தொடங்கின. தங்கமணி தகட்டை வைக்கக் கையை நீட்டினாள். ஒரு மடிப்பு இறங்கியது. எஸ்லின் கத்தியது எஸ்லினுக்கே கேட்கவில்லை. தங்கமணி குனிந்த தலையோடு அடுத்த தகட்டை எடுத்தாள். இரண்டாவது மடிப்பும் மெல்ல, தன் பாட்டுக்கு, அவிழ்ந்துகொண்டிருந்தது.