கேசட்டைத் திருப்பிய நாற்பது விநாடி

போனில் அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மாமா, அந்தக் கேசட்டுல எங்கப்பா குரல் இருக்கா?"

பல்செட்டுக்காரர் அப்போது ஒரு கையில் மெழுகுக் கத்தியும் மறு கையில் யாரோ ஒருவருடைய மேல்தாடையின் அச்சுமாக இருந்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. அந்தக் கோலத்தில் எந்த மனிதனுக்கும் யோசனை ஓடாது. "இல்லாம இருக்குமா? உங்கப்பா என்னைக்கும்மா வாயை மூடிட்டு இருந்தான்? ஞாயித்துக்கிழமை வா, கேக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சொன்னது பொய் என்று உறைத்தது.

ஏனென்றால் அந்தக் கேசட்டில் அவளுடைய அப்பாவின் குரல் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டவரே இவர்தான்.

முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய விஷயம். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப் பல் அடுக்கிக் கொடுக்கும் இந்த மனிதர், பார்த்தால் சத்தமாகத் தும்மக்கூடத் தெரியாதவர் போலிருப்பார். ஒரு காலத்தில் ராக் பைத்தியம் தலைக்கேறி அலைந்தவர் என்று சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவருடைய அந்தக் காலத்துக்கு ஒரே சாட்சி சைரன்.

சைரன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து அவன் விசிலடித்தால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிற நாய் எழுந்து நிற்கும். ஐந்தாவது மாடியில் தொங்கிக்கொண்டே கீழே நிற்கிற ஆளை விசிலாலேயே வேலை வாங்குவான். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயரை அவன் மனைவியே மறந்திருப்பாள்.

அவர்கள் இருவரும் உயிராக இருந்தது ஐந்து பேர் சேர்ந்து நடத்திய ஒரு பேண்டின்மேல். ஊர் மைதானத்தில் ஒரு நாள் மாலை நடந்ததுதான் அந்த பேண்டின் கடைசிக் கச்சேரி. அடுத்த மாதம் ஐவரும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். இது நடக்கும் என்று எப்படியோ மோப்பம் பிடித்த பல்செட்டுக்காரர், தோள்பையில் ரெக்கார்டரை ஒளித்து, சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு கிளம்பினார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மைக் இருப்பது வாய்க்கு ஒரு சாண் கீழே. ஆகவே பதிவு செய்கிறவன் கைதட்டக்கூடாது, கூடப் பாடக்கூடாது, இருமக்கூடாது. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அதே சட்டம். பக்கத்தில் நிற்கப்போகிறவனோ சைரன்.

"டேய், பாட்டுக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு அடிச்சுக்கறேன்."

"அரைகூடக் கிடையாது. உன் விசில் விழுந்தா டேப்பே கிழிஞ்சிடும்."

"அப்ப நான் எதுக்குடா வரணும்? வீட்லயே வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

பேரம் நடந்து கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கேசட்டின் முதல் பக்கம் தீர்ந்து, அதை வெளியே எடுத்துத் திருப்பிப் போடுகிற நேரம் சைரனுடையது. தோளில் ஒரு தட்டு விழுந்தால் அவன் வானத்தைப் பிளக்கலாம். மறு தட்டு விழுந்தால் கப்சிப்.

சைரன் சொன்ன சொல் தவறவில்லை. ஐந்து பாட்டு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றான். தட்டு விழுந்ததும் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் வட்டியோடு இறக்கினான். இருட்டில் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த பல்செட்டுக்காரருக்குக் காது அடைத்துவிட்டது. நாற்பது விநாடி இருக்கும். மைதானம் முழுக்கக் கேட்ட அந்தச் சத்தம் கேசட்டில் மட்டும் இல்லை.

அதன் பிறகு சைரனுக்குக் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்ற உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். பல்செட்டுக்காரர் முதல் இரண்டு வருடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் போகவில்லை. இதற்கு அவர் பலரிடம் பல காரணம் சொல்லியிருக்கிறார், ஒன்றும் உருப்படியான காரணம் இல்லை.

போன வருடம் அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டு இல்லாத இடங்களையெல்லாம் கத்தரித்து, ரசிகர்கள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் போட்டார். தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 'ஒரு விசில்கூட இல்லாத பதிவு, கையெடுத்துக் கும்பிடுகிறோம்' என்று எழுதினார்கள். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. எப்படியோ இந்தச் செய்தி சைரனின் மனைவி காதுக்கு எட்டி, மகள் போன் செய்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் பதிவைக் கேட்டார். ஒரு கனைப்பு, ஒரு முனகல், 'டேய்' என்று ஒரு வார்த்தை எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று தேடினார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுத்தமான பதிவைக் கேட்டு அவருக்கு அழுகை வந்தது.

அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "நாலாவது பாட்டு தொடங்கும்போது எவனோ தொண்டை கிழியக் கத்துறானே. அதைப் போட்டு இதான் உங்கப்பான்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியப்போகுது? பாவம், ஆசைப்பட்டு வருது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"போன்ல மட்டும் என்ன சொன்னீங்களாம்?"

பல்செட்டுக்காரர் ஹெட்போனை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை. அதை ஓட்டி வந்தவள்தான் அங்கே கற்றுக்கொடுக்கிறவளும். அப்பாவின் அதே அகன்ற நெற்றி. உள்ளே வந்ததும் அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த பல்செட்டுகளைப் பார்த்து, "ஏன் மாமா, நான் வர்றேன்னு எல்லாருக்கும் இவ்வளவு சந்தோஷமா?" என்றாள். வாயும் அப்பாவுடையதுதான்.

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "எங்கப்பா குரல் எனக்கு ஞாபகமே இல்ல மாமா. கல்யாண வீடியோ ஒண்ணு இருக்கு. அதுல முழுக்கப் பாட்டைப் போட்டு மூடிட்டாங்க. அப்பா வாயசைக்கிறாரு, யாரோ பாடுறாங்க."

அவர் ஹெட்போனை நீட்டினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு பாட்டு, இரண்டு, மூன்று. நாலாவது தொடங்கும்போது அந்த யாரோ ஒருவன் கத்தினான். அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"இதா மாமா? இதுவா அப்பா?"

கதவோரம் நின்ற மனைவி 'சொல்லுங்கள்' என்று கண்ணால் ஜாடை காட்டினாள். தலையை ஆட்டினால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். சைரன் மகளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அதை வைத்துக்கொண்டு அவள் எவனோ ஒருவனின் தொண்டையை ஆயுசுக்கும் அப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவரால் முடியவில்லை.

"இல்லம்மா. அது யாரோ. உங்கப்பா குரல் இதுல எங்கேயும் இல்ல. நான்தான் அவனை வாயைத் திறக்கவே விடல." தோள்தட்டு, உடன்பாடு, நாற்பது விநாடி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லத் தலை குனிந்துகொண்டே போயிற்று. "உன்கிட்ட போன்ல அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடும்மா."

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு, "அந்த இடத்தைப் போடுங்க" என்றாள்.

"அங்க ஒண்ணுமே இல்லம்மா."

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் கேக்கறேன். போடுங்க."

கம்ப்யூட்டரில் அந்த இடத்தை வெட்டி ஒட்டியிருந்தார். ஆகவே அலமாரிக்கு அடியிலிருந்து மூலக் கேசட்டை எடுத்து, பழைய டேப் டெக்கில் போட்டார். ஐந்தாவது பாட்டு முடிந்தது. கைதட்டல். 'டக்' என்று ஒரு சத்தம். கேசட்டைத் திருப்பிப் போட்டார். முதலில் வெறும் இரைச்சல், பிறகு சிரிப்பு. பக்கத்தில் நின்ற கூட்டமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. மேடையிலிருந்து பாடகரும் சிரித்தார்.

"யாருப்பா அது? எங்க டிரம்மர் குச்சியையே கீழ போட்டுட்டாரு!"

கூட்டம் ஹோவென்று கத்தியது.

"அந்தக் கடைசி மூலைலதானே? தம்பி, இன்னொரு தடவை அடி. நீ அடிச்சாத்தான் நாங்க அடுத்த பாட்டைத் தொடங்குவோம்."

ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று மைதானமே கூவியது. பிறகு கேட்பதற்காகக் கூவலை நிறுத்தியது. அத்தனை ஆயிரம் பேர் ஒரு விசிலுக்காகக் காத்திருந்தார்கள். டேப்பின் இரைச்சல் மட்டும் ஓடியது.

"என்ன தம்பி, அதுக்குள்ள வெக்கம் வந்திடுச்சா?" என்றார் பாடகர்.

விசில் வரவில்லை. "சரி, விடு" என்று சிரித்துவிட்டு அவர் கிதாரைத் தொட்டார்.

பல்செட்டுக்காரருக்கு இப்போதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் அவர் பைக்குள் தலையை விட்டு, ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் பேசிப் பேசியே டேப்பைத் தின்கிறாரே என்று எரிச்சல் பட்டது நினைவிருக்கிறது. அதற்கு ஒரு நொடி முன்னால்தான் சைரனின் தோளில் இரண்டாவது தட்டைத் தட்டியிருந்தார். பிற்பாடு கம்ப்யூட்டரில் ஏற்றியபோதும் வெறும் பேச்சுதானே என்று வெட்டி எறிந்திருந்தார். பாடகர் யாரிடம் பேசுகிறார் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. சைரனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அவரையா கேட்டாரு?" என்றாள் அவள். "மேடையிலேர்ந்து, அவ்வளவு பேரு முன்னாடி, எங்கப்பாவையா?"

"ஆமாம்மா."

"அடிக்கலியே."

"நான் தட்டிட்டேன்ல. டேப்பு ஓடிட்டிருந்துச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்து போய் அவளே டேப்பைப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் கூட்டம் சிரித்தது, பாடகர் கேட்டார், மைதானம் அடங்கியது. இன்னொரு தடவை ஓட்டினாள். டிரைவிங் ஸ்கூல் காரை மறந்து, ஆறிப்போன காப்பியை மறந்து, டெக்கின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

மூன்றாவது தடவை அந்த அமைதி வந்தபோது பல்செட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"அடிடா" என்றார் டெக்கைப் பார்த்து. "டேப்பு கிடக்குது, விடுடா. அடிச்சிடுடா."