குழாய்க்குள் மூச்சு

இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் தனியாக வாழ்ந்த ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் யூலியானா வேலை செய்தாள். அங்கே உடுப்புக் காயவைக்கும் மெஷினின் குழாய், சிஞ்ஞோராவின் கணவர் மூச்சிளைப்பால் இறந்துபோன அறைக்குள்ளால் நீளமாக ஓடி வெளிச்சுவரை அடைந்தது. மெஷினைப் போட்டால் அந்த அறையில் யாரோ மூச்சுக்குத் திணறுவதுபோலக் கேட்கும். உடுப்பும் இலேசில் காயாது.

ஒரு மத்தியானம் யூலியானா தன் கணவன் கொட்வினைக் கூட்டிவந்தாள். அவன் நெளிநெளியான அந்தக் குழாயைக் கழற்றினான். வளைவுகளிலெல்லாம் பஞ்சு கட்டியாக அடைத்திருந்தது.

“இதுக்குள்ளாலை காத்து எப்பிடிப் போகும்?” என்றான்.

வழவழப்பான தகரக் குழாயை வளைவில்லாமல் நேராகப் பொருத்தி மெஷினைப் போட்டான். காற்று தடையின்றி வெளியே போனது. திணறல் கேட்கவில்லை.

கணவரின் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிஞ்ஞோராவுக்குக் கண் கலங்கியது.

“இப்போது அவருக்குச் சுகமாக மூச்சு வருகிறது,” என்றாள்.

கொட்வின் மெஷினை நிறுத்தினான். ஆனால் அறைக்குள் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. நல்ல நித்திரையில் இருப்பவரின் மூச்சுப்போல அது மெதுவாக வந்துகொண்டிருந்தது.

“உங்களுக்கும் கேக்குதோ?” என்று யூலியானா தமிழில் கேட்டாள்.

“ஓம். கதைக்காமல் வா,” என்று கொட்வின் அவள் கையைப் பிடித்தான்.

சிஞ்ஞோரா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இருவரும் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்கள்.